ரெட்டைச் சுழிக்காரரும் என் முதல் நாவலும்

முதல் நாவல் எழுதுகிற எல்லோரும், 'இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று தொடக்கத்தில் ஒரு வரி போடுகிறார்கள். நானும் போட்டேன். போட்ட கையோடு எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அன்றைய தேதிக்கு என்னிடம் கற்பனை என்று ஒன்றும் கையிருப்பில் இல்லை. இருந்ததெல்லாம் தூங்கவே தூங்காத ஒரு பெண் குழந்தையும், படுத்தவுடன் தூங்கிவிடும் ஒரு கணவரும், பல வருடங்களாகப் பேச்சே இல்லாத ஒரு தோழியும்தான். முதல் இரண்டை வைத்துக் கதை எழுதினால் யார் படிப்பார்கள்? எல்லார் வீட்டிலும் அதுதானே நடக்கிறது. ஆகவே தோழியை எடுத்துக்கொண்டேன்.

தோழியின் பெயர் சுகுணா. நகரியில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் எங்கள் தறி ஓடினால் அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு டம்ளர் ஆடும். ஒரே பள்ளிக்கூடம், நான் தமிழ் மீடியம், அவள் தெலுங்கு மீடியம். வாயைத் திறந்தால் தமிழ் கொட்டும், ஆனால் ஒரு தமிழ் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. (எங்கள் பக்கத்தில் இது சகஜம். ஒரே வீட்டில் அண்ணன் தமிழில் கையெழுத்துப் போடுவான், தங்கை தெலுங்கில் போடுவாள். சண்டை மட்டும் இரண்டு மொழியிலும் நடக்கும்.) அதனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை நான்தான் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். அவள் மல்லாந்து படுத்து வேர்க்கடலை தின்றபடி, "தூ, இன்னாடி இவ, எப்பப் பாரு அழுதுக்கினே கீறா" என்று கதாநாயகிகளைத் திட்டுவாள்.

நாங்கள் பிரிந்த காரணம் ஒரு நாவலுக்குத் தகுதியே இல்லாதது. எங்கள் ஊர்களில் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதென்றால் நேரில் போக வேண்டும். அந்த வீட்டுப் பெண்களின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கூப்பிட வேண்டும். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சுகுணாவின் குடும்பம் திருப்பதிக்குக் குடிபோயிருந்தது. 'அவள் நம்மவள்தானே, அவளுக்கெதற்குச் சடங்கு' என்று நான் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே மூன்று சிவப்பு இதயம். 'பொட்டு வெச்சுக் கூப்டாத கல்யாணத்துக்குப் போவக் கூடாது' என்றுவிட்டார் அவள் அம்மா. அவள் வரவில்லை. வரவில்லையே என்று எனக்குக் கோபம். எனக்கெப்படிக் கோபம் வரலாம் என்று அவளுக்குக் கோபம். அவள் கல்யாணத்துக்கு எனக்கு அந்த மூன்று இதயம்கூட வரவில்லை.

நான் சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவருக்கு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. சீசனில் அவர் வீட்டுக்கு வருவதே இல்லை, அவர் சட்டை மட்டும் வாசனையாக வரும். மகள் ஹாசினி பிறந்தபின் டீச்சர் வேலையை விட்டேன். அவள் மதியம் கண்ணயரும் நேரத்தில் போனில் தட்டித் தட்டி, தமிழ்க் கதைகள் வெளியாகும் ஒரு செயலியில் நாவலை வாராவாரம் பதிவேற்றினேன், புனைபெயரில்தான். (நாவலின் தலைப்பை இங்கே சொல்வதாக இல்லை. அதில் 'கண்ணீர்' என்ற சொல் உண்டு. அவ்வளவு தெரிந்தால் போதும்.)

பிரிந்த இரண்டு தோழிகள் மீண்டும் சேர்வதுதான் கதை. ஆனால் வாட்ஸ்அப் பத்திரிகைக்காகப் பிரிந்தார்கள் என்று எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. வாசகிகளும், 'சிஸ்டர், ட்விஸ்ட் எப்போது?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யார் எது கேட்டாலும் செய்துவிடுகிற சுபாவம் எனக்கு. செய்தேன். கதாநாயகி தாமரையும் பிரபு என்பவனும் திருப்பதியில் படிக்கும்போது காதலிக்கிறார்கள். பிரபு ஒரு கோயிலில் ரகசியமாக அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டுகிறான். உயிர்த்தோழி சுகந்தி சூழ்ச்சி செய்து பிரபுவைத் தட்டிக்கொண்டு போகிறாள். தாமரையோ, யார் கேட்டாலும் 'அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையே' என்று சிரித்து மழுப்பிவிட்டுத் தலையணையை நனைக்கிறாள்.

சுகுணாவைச் சுகந்தி ஆக்கியதும் ஆள் அடையாளம் அழிந்துவிட்டதென்று நம்பினேன். அவளுடைய கொரட்டைச் சிரிப்பு, மோவாயில் தறிக்கட்டை பட்ட தழும்பு, நகரி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைத்தேன். பிரபுவுக்கு ஆள் வேண்டியிருந்தது. சுகுணாவின் கணவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் வைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒன்றுவிடாமல் பார்ப்பேன். (பார்த்தது அவளுக்குத் தெரியாமலிருக்க அதற்கான செட்டிங்கை மாற்றி வைத்திருந்தேன். சண்டை சண்டைதானே.) மலையில் மொட்டை போட்டுச் சில வாரமான அப்பாவும் பிள்ளையும் கைகோத்து நடப்பதைப் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று. அப்பா தலையில் பளிச்சென்று இரண்டு சுழி. அடடா, பாத்திரத்துக்கு ஒரு தனித்தன்மை கிடைத்ததே என்று பிரபுவுக்கு ரெட்டைச் சுழி வைத்தேன். அவர் எவர்சில்வர் பாத்திரக் கடைக்காரர். பிரபுவைப் பித்தளைப் பாத்திரக் கடைக்காரன் ஆக்கினேன். இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடித்தாலும் பயமில்லை. சுகுணாவுக்குத்தான் தமிழ் படிக்க வராதே!

செயலிக்காரர்கள் நாவலை ஒலிவடிவத்திலும் வெளியிட்டது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பெண்மணி தேம்பித் தேம்பிப் படித்தார். நான் கமா போட்ட இடத்திலெல்லாம் மூக்கை உறிஞ்சினார். அந்தப் பெருமையில், காது உள்ளவர்கள் எல்லோரும் இனி என் வாசகர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கடைசிப் பாகம் மட்டும் பாக்கி. தோழிகள் சேரும் காட்சி. எழுதி எழுதி அழித்தேன். இத்தனை வருடம் பிரிந்தவர்கள் பார்த்துக்கொண்டால் முதலில் என்ன சொல்வார்கள்? கட்டிப்பிடிப்பார்களா? யார் முதலில்? அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது.

"பத்மாவா?"

"ஆ... ஆமா."

"நான்தான். நாளைக்கு எங்க வூட்டுக்கு வா. லொகேஷன் அனுப்பறேன்."

"சுகுணா! எப்டிடீ கீறே? நானே உன்ன..."

"கண்டிப்பா வா" என்று வைத்துவிட்டாள். அவள் குரல் நடுங்கியது. பாசத்தில் அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். (அது வேறு.)

அன்று சாயந்திரம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். குங்குமச் சிமிழைத் திறந்து, கண்ணீர் மல்க, "சுகுணா, என் கல்யாணத்துக்குப் பொட்டு வெச்சுக் கூப்புட வந்துக்கிறேன்டி. கொஞ்சம் லேட்டு." இதைவிட நல்ல கடைசிப் பாகம் உண்டா?

கணவர் எட்டிப் பார்த்தார். "யாராச்சும் செத்துட்டாங்களா, பத்மா?"

மறுநாள் ஹாசினியுடன் கிளம்பினேன். மூன்று கவுன், தெர்மாமீட்டர், வெந்நீர் பிளாஸ்க், இருமல் மருந்து, இருமல் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் கொடுக்க இன்னொரு மருந்து, இவற்றுக்கு அடியில் குங்குமச் சிமிழ். நான் கட்டியிருந்தது பட்டுப்புடவை. சந்திரகிரி தாண்டும்போது குழந்தை அதன் மேல் வாந்தி எடுத்தாள். தண்ணீர் விட்டுத் துடைத்தேன். பெரிய வட்டமாக நனைந்த புடவையும், தோளில் தூங்குகிற குழந்தையுமாகத் திருப்பதியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியபோது, பார்ப்பவர்களுக்கு நான் எப்படித் தோன்றியிருப்பேன் என்று அப்போது யோசிக்கவில்லை. வாழ்க்கையில் அடிபட்டு வந்தவள் மாதிரி இருந்திருக்கிறேன்.

சுகுணா கதவைத் திறந்தாள். கொஞ்சம் பூசியிருந்தாள். அதே தழும்பு. நான் சிமிழைத் திறந்து, "சுகுணா, என் கல்..." என்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"பதினெட்டாவது பாகத்துல எவன்டி உனக்கு மஞ்சக் கயிறு கட்டுனது?"

"உனக்குத் தமிழ் படிக்க வராதே" என்றேன். (அத்தனை வருடப் பிரிவுக்குப் பின் நான் தோழியிடம் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். நாவலில் இதைப் போட முடியுமா?)

"எனக்கு வராது. போனுக்கு வருதே!"

விஷயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் மாமியார் ராஜேஸ்வரியம்மா சத்தியவேட்டுப் பக்கம். அவருக்கும் தமிழ் பேச மட்டும்தான் வரும். தினம் மதியம் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேருடன் உட்கார்ந்து என் நாவலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நகரி வந்தது. தழும்பு வந்தது. கொரட்டைச் சிரிப்பு வந்தபோது மூன்று பேரும் திரும்பி, அந்நேரம் அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்திருக்கிறார்கள். பிரபுவின் தலையில் ரெட்டைச் சுழி வந்ததும் ராஜேஸ்வரியம்மா போனை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

"அன்னைக்கிலேர்ந்து என் கையால காபி வாங்கல. அவர்கிட்ட, 'அந்தப் பொண்ண இன்னாடா பண்ணே, அந்தப் பொண்ண இன்னாடா பண்ணே'ன்னு கேட்டுக்கினே கீறாங்க. அவரு கடையிலயே படுத்துக்கறாரு. என் வூடு நாறிப்போய்க் கீதுடி. கயிறக் கட்டுனவ நீதானே, நீயே வந்து அவுரு."

ஒருவர் வீட்டில் காபி நின்றுபோவதற்கு நான் காரணமா? குழந்தையைச் சோபாவில் கிடத்திவிட்டுக் கூடத்தில் போய் நின்றேன். மூன்று பெண்களும் தரையில் உட்கார்ந்து ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் ராஜேஸ்வரியம்மா.

"அம்மா, நான் பத்மா. அந்தக் கதைய எழுதுனது நான்தான். அதுல வர்றதெல்லாம் பொய்ம்மா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நனைந்த பட்டுப்புடவையைப் பார்த்தார். சோபாவில் கிடக்கும் குழந்தையைப் பார்த்தார்.

"நீதான் அந்த தாமரையா, தல்லி?"

"தாமரைன்னு யாருமே இல்லம்மா. அப்டியெல்லாம் ஒண்ணும் நடக்கவே இல்ல" என்று சொல்லி, நிலைமையை லேசாக்க ஒரு சிரிப்பும் சிரித்தேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அய்யோ பாவம்" என்றார் இடப்பக்கத்துப் பெண். "கதையில சிரிச்சுக்கினே சொல்லும் பாரு, அதே மாதிரி!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாமரையைத் தியாகச் சுடராகப் படைத்துத் தொலைத்திருந்தேன். மறுப்பதுதான் அவள் குணம். ஆகவே நான் மறுக்க மறுக்க ருசு பலப்பட்டது. சுகுணா ரொம்ப நல்லவள் என்றேன். 'எவ்ளோ பெரிய மனசு' என்றார்கள். உங்கள் மகனை நான் பார்த்ததே இல்லை என்றேன்; இடப்பக்கத்துப் பெண் மூக்கைச் சிந்தினார். வாசகிகள் ட்விஸ்ட் கேட்டார்கள், அதனால் போட்டேன் என்றேன். அது ஒன்றுதான் உண்மையிலும் உண்மை. அதை யாரும் காதில் வாங்கவே இல்லை.

இந்த நேரத்தில் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தார் சுகுணாவின் கணவர் பாபு. கட்டம் போட்ட சட்டை, அடர்த்தியான மீசை, பல நாள் தூக்கமில்லாத கண்கள்.

"வாடா. யாரு வந்துகிறாங்க பாரு" என்றார் அவர் அம்மா.

பாபு என்னைப் பார்த்தார். "யாரு?"

"பாத்தீங்களா?" என்று நான் கூவினேன். வாழ்க்கையில் யாரும் என்னை அடையாளம் தெரியாமல் நின்றதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சுகுணா காதில் கிசுகிசுத்ததும் பாபு பதறிப்போனார். "அம்மா! ஒட்டு, சத்தியமாச் சொல்றேன், நான் இவங்கள இப்பத்தான் பாக்கறேன்!"

"பதினெட்டாவது பாகத்துலயும் இப்டித்தான்டா சொன்னே!"

"அது நான் இல்லம்மா! எங்கடையில பித்தளையே கெடையாது!"

அவர் போட்ட சத்தத்தில் ஹாசினி விழித்துக்கொண்டாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம் கலையும் நேரத்தில் என் மகளுக்கு மீசையும் கட்டம் போட்ட சட்டையும் உள்ள ஆண்கள் எல்லோரும் ஒன்றுதான். எங்கள் பால்காரருக்குக்கூட அந்த மரியாதை ஒரு காலையில் கிடைத்திருக்கிறது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைக் கசக்கினாள். பாபுவை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

"நைனா!"

மொச்சை பிதுக்கும் சத்தம் நின்றது. பாபு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். நான் பால்காரர் விஷயத்தை விளக்க ஆரம்பித்தேன். பாதியில், இது நிலைமையை மேலும் கெடுக்கிறது என்று தெரிந்து நிறுத்தினேன்.

"பாத்தியா, சுகுணா? தேவுடு கொழந்த வாயால பேசறான்" என்றார் ராஜேஸ்வரியம்மா. பிறகு மகனையும் என்னையும் பார்த்து, "உங்க ரெண்டு பேருக்கும் பொறந்திருக்க வேண்டியது" என்றார்.

அடுத்து அவர் அழுவார், என்னை அடிப்பார், அல்லது சுகுணாவை அடிப்பார் என்று மூன்றுக்கும் தயாராக நின்றேன். அவர் மகனை இழுத்துக் கீழே உட்கார வைத்தார். தலையைக் குனியவைத்து, முடியை விலக்கி எனக்குக் காட்டினார். வாட்ஸ்அப்பில் பார்த்த அதே இரண்டு சுழி.

"இவன் பொறந்தப்பவே மருத்துவச்சி சொல்ட்டா. ரெட்டைச் சுழி, ரெண்டு தாலி கட்டுவான்னு. அன்னைக்குப் புடிச்ச பயம். கடைக்கு ஒரு பொம்பளப்புள்ளைய வேலைக்கு வைக்க வுடல. குக்கர் வாங்க எவளாச்சும் வந்து ரெண்டு வார்த்த கூடப் பேசுனா எனக்கு வயித்தக் கலக்கும். சுகுணா மொகத்தப் பாக்கும்போதெல்லாம், இவ வாழ்க்க என்னைக்குப் போவப்போவுதோன்னுதான் நெனச்சுக்குவேன். அதனாலயே அவகிட்ட ஒட்டாம இருந்துட்டேன்." மூச்சு வாங்கினார். "உன் கதையில அந்தக் கயிறு வந்துச்சு பாரு, எனக்குத் தூக்கிப் போட்டுச்சு. அப்ப மொதத் தாலி ஆயிப்போச்சு. இவதான் ரெண்டாவது. மூணாவது சுழி கெடையாது இல்ல?"

சுகுணா என்னைப் பார்த்தாள். நான் சுகுணாவைப் பார்த்தேன்.

"ஆனா மொதப் பொண்ணு என்னைக்காச்சும் வந்து நின்னா இன்னா பண்றதுன்னுதான் சோறு எறங்கல" என்று சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மொச்சைத் தோல் ஒட்டிய கைகள். "சொல்லு தல்லி. உன் வூட்டுக்காரரு நல்லவரா?"

"நல்லவருதாம்மா."

"அப்ப நீ திரும்ப வந்து கேக்க மாட்டியே?"

"எதம்மா?"

"இவன."

பாபுவைப் பார்த்தேன். தலையில் அம்மாவின் கை அப்படியே இருக்க, முடி கலைந்து, கழுத்து வளைந்து உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. நான் வாயைத் திறந்தபோது சுகுணாவின் குதிகால் என் கட்டைவிரல் மேல் வந்து அழுந்தியது. சின்ன வயதில் வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கும்போது அவள் கொடுக்கும் உத்தரவு அது.

"வேணாம்மா. கேக்கவே மாட்டேன்" என்றேன். எதையும் நான்கு தரம் யோசித்து மாற்றிச் சொல்லும் நான், வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக வேறெதையும் சொன்னதில்லை. பாபுவின் முகத்தில் லேசாக ஒரு வருத்தம் தெரிந்த மாதிரி இருந்தது.

ராஜேஸ்வரியம்மா சுகுணாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "காபி போடுடி" என்றார்.

சமையலறையில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் சுகுணா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கொரட்டை விட்டுச் சிரித்தாள். "இப்டியே வுட்டுடுடி. கட்டிக்கினு வந்ததுலேர்ந்து அந்தம்மா இன்னைக்குத்தான் என்னத் தொட்டுகிறாங்க." அப்புறம் என் கையிலேயே இருந்த சிமிழைப் பார்த்தாள். "இத அன்னைக்கே எடுத்தாந்திருந்தா இவ்ளோ பெரிய நாவலே எழுதியிருக்க வேணாம் இல்ல?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். ஊர்பேர் தெரியாத ஒருவருக்கு நான் முதல் மனைவி ஆகிவிட்டதைக் கேட்டு அவர் வெகுநேரம் யோசித்தார்.

"அவரு கடையில நமக்கு எதுனா தள்ளுபடி உண்டா?"

கடைசிப் பாகத்தை ஒருவழியாக எழுதினேன். நடந்ததை எழுத முடியாது. அதனால் ரயில் நிலையத்தில் மழையில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவதாக முடித்தேன். 'இயல்பாக இல்லை சிஸ்டர்' என்று நிறையப் பேர் பின்னூட்டம் போட்டார்கள்.

இப்போது இரண்டு குடும்பங்களும் அடிக்கடி போய்வந்துகொண்டிருக்கிறோம். வரலட்சுமி விரதத்துக்கு ராஜேஸ்வரியம்மா எனக்குப் பட்டு எடுக்கிறார், மூத்தவள் என்பதால். சுகுணாவுக்குச் சாதாரணப் பூனம் சேலைதான். அவள் அதற்காக என்னிடம் சண்டை போடுகிறாள். பாபு இன்றுவரை நான் வந்தால் கூடத்தில் தனியாக உட்கார மாட்டார். ஏதாவது ஒரு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். ஆனால் இதில் பெரிய லாபம் என் கணவருக்குத்தான். அவரை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்து, ராஜேஸ்வரியம்மா தன் கையாலேயே பரிமாறுவார். இவரும் இலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். உடனே இரண்டாவது கரண்டிப் பாயசம் விழும். போன தடவை, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ராஜேஸ்வரியம்மா மெல்லச் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது: "எல்லாம் தெரிஞ்சும் வெச்சு வாழறாரு, மகராசன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தாலும், வண்டிச் சாவியை நான் தொலைத்தாலும், மகளுக்கு வராத காய்ச்சலுக்கு மூன்றாம் தரம் தெர்மாமீட்டர் வைத்தாலும், என் கணவர் ஒரு சத்தம் போடுவதில்லை. கண்ணை மூடி, பாயசத்துக்கு விடுகிற அதே பெருமூச்சை விட்டுச் சொல்கிறார்: "பரவால்ல பத்மா. நான்தான் எல்லாம் தெரிஞ்சும் வெச்சு வாழறேனே."